சட்டத்துக்குள் அடங்காத நிறம்: வண்ணவெளி ஓவிய நகல்களும் புதுக்கோட்டை வீட்டுச் சுவர்களும்

1. பொருள் வரையறை

கித்தான் முழுவதும் ஒரே நிறம், அல்லது விளிம்பு கலங்கிய இரண்டு மூன்று நிறங்கள். உருவம் இராது, கதை இராது. 1950-களில் நியூயார்க்கில் மார்க் ராத்கோ, பார்னெட் நியூமன் முதலியோர் வளர்த்தெடுத்த இவ்வகையை இக்கட்டுரை வண்ணவெளி ஓவியம் என்று குறிக்கிறது. சென்னையில் அச்சுதன் கூடல்லூர் (1945–2022) நிறத்தையே பொருளாக வைத்து நெடுங்காலம் தீட்டினார். ஆனால் நம் ஊர் வரவேற்பறைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இணையத்தில் வாங்கிய வெளிநாட்டு ஓவியத்தின் அச்சு நகல்தான். புதுக்கோட்டைப் பகுதியின் புதிய வீடுகள் சிலவற்றில் அதைச் சட்டமிட்டு மாட்டியிருக்கக் கண்டேன். சாமி படம் நகலானால் சாமி அப்படியே இருக்கிறார். நிறம் மட்டுமே உள்ள படம் நகலானால் எது மிஞ்சுகிறது?

2. இம்மாவட்டத்தின் படச்சுவர்

நகலை மாட்டுவது இங்கே புதுப் பழக்கம் அன்று. செட்டிநாடு என்றதும் காரைக்குடியை நினைக்கிறோம். ராயவரம், அரிமளம், கோனாபட்டு, விராச்சிலை, குழிபிறை எல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளவை. அவ்வூர்ப் பெரிய வீடுகளின் வளவில், தூண்களுக்கு மேலே வரிசையாகப் படங்கள் தொங்கும். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் அப்படி வந்தவர்களே. கீழே நிற்பவர் முகம் பார்க்கும்படி, படத்தின் மேல்பக்கம் கயிற்றில் முன்சாய்ந்திருக்கும்.

அச்சில் சேலையின் சிவப்பு சற்று மாறினாலும் லட்சுமி மாறுவதில்லை. உருவமும் அடையாளமும் நிறப்பிழையைத் தாங்கிக்கொள்கின்றன. வண்ணவெளிக்கு அந்த முட்டு இல்லை.

3. நகலில் நேரும் இழப்பு

3.1 அளவு. நியூமன் 1950–51-இல் வரைந்த செந்நிற ஓவியமான ‘வீர் ஹீரோயிக்கஸ் சப்ளைமிஸ்’ ஏறத்தாழ 18 அடி அகலம், 8 அடி உயரம். கிட்டே நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 3 அடி அகல நகலில் அதன் பரப்பு 36-இல் ஒரு பங்காகிவிடும். பார்ப்பவரைச் சூழ வேண்டிய சிவப்பு, சோபாவுக்கு மேலே சிவப்பு அட்டையாக நிற்கும்.

3.2 தோல். ராத்கோ மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். 1958-இல் ஒரு நியூயார்க் உணவகத்துக்காகத் தொடங்கி, பிறகு கொடுக்க மறுத்துவிட்ட அவரது படங்களை ஆய்ந்தவர்கள், பூச்சில் முட்டையும் பிசினும் இருக்கக் கண்டனர். செட்டிநாட்டுக் கொத்தனார் சுவரின் கடைசிச் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்ததும் இவ்வகை வேலைதான். அந்தச் சுவரில் கன்னத்தை வைத்தால் குளிரும். வெளிச்சம் மேலே பட்டுத் தெறிக்காமல் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பும். அச்சு மையில் அந்த ஆழம் இல்லை. மை காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

3.3 நிறம். மூல ஓவியமே நிறத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் போனதுண்டு. ராத்கோ ஹார்வர்டுக்கு வரைந்து 1964-இல் மாட்டப்பட்ட ஓவியங்களில் ‘லித்தால் ரெட்’ என்ற சிவப்பு இருந்தது. சன்னல் வெயிலில் அது வெளிறிப்போய், 1979-இல் படங்களைக் கழற்றிவிட்டார்கள். 2014-இல் மீண்டும் காட்டியபோது, போன நிறத்தைப் புரொஜெக்டர் ஒளியாகப் படத்தின்மேல் விழச்செய்தனர். அமெரிக்கச் சன்னல் வெயிலுக்கே இந்த நிலை. நம் ஊர்ச் சித்திரை வெயில் மேற்குச் சன்னல் வழியே விழும் சுவரில் மலிவு மை எத்தனை நாள் தாங்கும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை. கடைவாசல் பேனரைப் பார்த்தால் போதும்.

4. சட்டமும் கண்ணாடியும்

ராத்கோ தம் படங்களுக்குச் சட்டம் விரும்பியவர் அல்லர். நமக்கோ பிரேம் இல்லாமல் படம் முழுமையாகாது. புதுக்கோட்டையில் ஒரு பிரேம் கடையில் நகலொன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர் பீடிங்கைத் திருப்பி, படம் உட்காரும் காடியைக் காட்டினார். “நாலு பக்கமும் கால் இஞ்ச் உள்ள போயிரும் சார். சாமி படம்னா ஒண்ணும் தெரியாது.” அவர் சொன்னதில்தான் முழுச் சிக்கலும் இருந்தது. ராத்கோவின் நிறக்கட்டங்கள் விளிம்பைத் தொடுவதில்லை. சுற்றிலும் ஒடுங்கிய வரப்பு ஒன்று ஓடும், கட்டங்கள் மிதப்பது அதனால்தான். என் நகல் சிறியது, அதன் வரப்பே அரை அங்குலம். அதில் பாதியைக் காடி விழுங்கிவிட, எஞ்சியதைப் பீடிங்கின் நிழல் மூடியது. கட்டங்கள் மிதப்பதை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் அடுக்கியவைபோல் ஆயின.

கண்ணாடி இன்னும் மோசம். கருஞ்சிவப்புப் படத்தின்மேல் போட்ட கண்ணாடியில் எதிரிலிருந்த ட்யூப்லைட்டும் காற்றாடியும் நானும் தெரிந்தோம்.

5. சித்தன்னவாசல் விதானம்

உருவமுள்ள ஓவியத்தை வண்ணவெளியோடு ஒப்பிடுவது வரம்பு மீறல் என்று சொல்லலாம். சித்தன்னவாசல் அறிவர் கோயில் விதானத்தில் மீன், யானை, எருமை, பூக்கொய்யும் மனிதர் எல்லாம் உண்டு; சமண மரபில் அது, தீர்த்தங்கரர் அறமுரைக்கும் அவையான சமவசரணத்துத் தாமரைக்குளம். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பாண்டிய மன்னன் அவனிபசேகர ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இக்கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஆனாலும் குடைவரைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். அடிவானம் இல்லை, கரை இல்லை, படம் எங்கே தொடங்குகிறது என்றும் சொல்ல முடியாது. முதலில் கண்ணில் படுவது பச்சைப் பரப்பு. மீனும் மனிதரும் அதற்குள்ளிருந்து மெல்ல மெல்ல வருகிறார்கள். கருவறை விதானத்திலோ கம்பளம் விரித்தாற்போன்ற வடிவமைப்பு.

இவ்வோவியங்களின் நகலாக நான் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பார்த்தவை தூணில் உள்ள நடனமாது, அல்லது பூப்பறிக்கும் இளைஞன். வெறும் இலைப்பரப்பை யாரும் சட்டமிட்டதாகக் காணோம். விற்கும் நகல் எது என்பதை உருவமே தீர்மானிக்கிறது. குளத்தை வாங்கி மாட்ட முடியாது என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்கிறது.

6. வீட்டில் நகலின் இடம்

இத்தனை இழப்புக்குப் பிறகும் நகலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ராத்கோவின் ஓவியம் என்பதை மறந்துவிட்டு, சுவருக்கு வாங்கிய நிறம் என்று எடுத்துக்கொண்டால் பல சிக்கல்கள் தீரும். ஜோசப் ஆல்பர்ஸ் 1963-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியபடி, நிறம் பக்கத்து நிறத்தால் மாறும். பிஸ்தா பச்சைச் சுவரில் ஆரஞ்சு நகல் எரியும். சுண்ணாம்பு வெள்ளையில் அடங்கும். ஆகவே படத்தைத் தேர்வதற்குமுன் சுவரைப் பார்க்க வேண்டும்.

நான் அந்த நகலைத் திரும்பவும் கடைக்கு எடுத்துப்போனேன். கண்ணாடியை நீக்கி, படத்தை அட்டையில் ஒட்டி, பீடிங்குக்கும் படத்துக்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டுச் செய்து தந்தார் கடைக்காரர். வரப்பு மீண்டது. மாட்டும் உயரத்தில்தான் தகராறு. ராத்கோ தம் படங்களைத் தரைக்குப் பக்கத்தில் தாழ மாட்டச் சொன்னவர். எங்கள் வீட்டில் ஆணி நிலைப்படிக்கு மேலேதான் இருக்கிறது. தாழ மாட்டக்கூடிய ஒரே சுவரில் பீரோ நிற்கிறது.