பொன்னியின் செல்வனும் உடையார்குடிக் கல்லும்

கல்கி அவர்கள் 1950-ஆம் ஆண்டு முதல் தம் வார இதழில் எழுதிவந்த பொன்னியின் செல்வனை நம்மவர் இல்லந்தோறும் படித்து இன்புற்றனர். வீரபாண்டியன் தலைகொண்ட ஆதித்த கரிகாலனைப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினியும் ஆபத்துதவிகளுமே அக்கதைக்கு உயிராவர். ஆயின் இளவரசனைக் கொன்ற கை யாருடையது என்பதை ஆசிரியர் ஐயத்திலேயே விடுத்தார். கதை முடிந்ததும் வாசகர் மனக்குறையுற்றுக் கடிதம் விடுக்க, அவர் முடிவுரையொன்று வரைந்து விடையிறுக்க நேர்ந்தது.

சரித்திரம் யாது கூறும்? காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் இராசராசரது 2-ஆம் ஆட்சியாண்டினதாகக் கருதப்படுவது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகளெனச் சுட்டி, அவர்தம் உற்றார் உடைமையும் பறிமுதலானதை அது தெரிவிக்கின்றது. இவருட் பின்னிருவர் பிரமாதிராசன் என்னும் அரச பட்டம் பெற்ற அதிகாரிகள். கொலைக்குக் காரணமோ அக்கல்லில் இல்லை! பழிக்குப் பழி என்பது ஊகமேயாம்.

நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மேல் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். நாம் பின்னவர் பக்கமே நிற்கின்றோம். தமையனைக் கொல்வித்தவர் மகனாயின், கண்டராதித்தருக்கு இராசராசர் கோயிற் காரியங்களை மேற்பார்க்கும் உயர்பதவி ஈந்திருப்பரோ?

இன்னுமொன்று. கதையில் இளவரசர் ஒளிந்திருந்த நாகைச் சூடாமணி விகாரத்திற்கு, நம் கீழ்வேளூரை அடுத்த ஆனைமங்கலத்தை அவரே அரசராகி 21-ஆம் ஆட்சியாண்டில் தானமளித்தார். அதனைச் செப்பேடு கூறும்.