இளமைக்கு எல்லை எது?

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களோடு தொடங்குகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என அவை ஒன்பது. எவ்வுயிர்க்கு எப்பெயர் என்பதை நூல் வரையறுக்கிறது. எத்தனை ஆண்டு வரை என்பதைக் கூறவில்லை. ஆட்டின் இளமை மறி, நாயின் இளமை குருளை. ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் பிள்ளை, கன்று ஆகிய பெயர்கள் உண்டு. நெல்லுக்கும் புல்லுக்கும் இல்லை. மக்களுக்கோ குழவி, மகவு என்னும் இரண்டே உரியன. இன்று நாள்தோறும் நாம் வழங்கும் ‘பிள்ளை’ அந்நூலில் மனிதர்க்குரியதன்று என்றால் மாணவர் நம்புவதில்லை. கிளிப்பிள்ளையும் தென்னம்பிள்ளையும் பழைய வழக்கின் எச்சங்கள். குழவியோ பேச்சுவழக்கில் அம்மியோடு நின்றுவிட்டது.

உயிரியலாரும் ஆண்டைக்கொண்டு இளமையை அளப்பதில்லை. மெக்சிக்கோவின் ஆக்சலாட்டில் என்னும் நீர்வாழ் உயிர், செவுள் நீங்காத இளம்பருவ வடிவிலேயே இனம் பெருக்குகிறது. மருத்துவரும் இடக்கை மணிக்கட்டின் எக்ஸ்ரே படத்தைக்கொண்டு எலும்பின் வயதைக் கணிக்கின்றனர். அது பிறப்புப் பத்திரத்தோடு ஒத்திருக்க வேண்டுமென்பதில்லை.

சட்டத்துக்கு எண் வேண்டும். நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின்படி 10 வயது நிரம்பாதவர் செயல் குற்றமாகாது. 10 முதல் 12 வரை மட்டும், செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கப்படும். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 18 வயது நிரம்பாதவரைச் சிறார் என்கிறது. 2007ஆம் ஆண்டின் இளைஞர் சட்டமோ 15 முதல் 40 வயது வரை இளைஞர் என்றது. மேலெல்லையை 30 ஆகக் குறைக்கும் திருத்தம் 2019இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எனவே 17 வயதினர் ஒரே நாளில் சிறாரும் ஆவார், இளைஞரும் ஆவார்.

இவ்விடத்தில் நாமே ஒருமுறை தவறினோம். சிறார் சட்டம் பற்றிப் பெற்றோருக்கான குறிப்பொன்றைத் தமிழாக்கியபோது, மீசை அரும்பியவரைச் ‘சிறார்’ என்பது பொருந்தாதெனக் கருதி, 16, 17 வயதினரை ‘இளைஞர்’ என எழுதினோம். செவிக்கு அது நன்றாகவே இருந்தது. வழக்கில் சிக்கிய சிறாரின் பெயரையும் படத்தையும் ஏடுகள் வெளியிடலாகாது என்பது அச்சட்டம் தரும் காப்பு. குறிப்பைப் படித்த ஒரு தாய் நம்மிடம் வந்து, “அப்போ இந்தக் காப்பு எங்க பிள்ளைக்கு இல்லீங்களா ஐயா?” என்றார். மகனுக்கு வயது 17. உண்டு என்று விளக்கிய பின்னும் அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அச்சாகியிருந்தது நம் சொல். மறுபதிப்பில் ‘18 வயது நிரம்பாத சிறார்’ என்று மாற்றினோம்.