யாருக்காக எடுத்த படம்? மலையகத்தில் கமராவின் வரலாறு, 1875–2013

மலையகத் தோட்டத் தொழிலாளர் ஒன்றரை நூற்றாண்டாகப் படமாக்கப்பட்டு வருகின்றனர். அந்தப் படங்களை யார், யாருடைய செலவில், யாருக்காக எடுத்தார்கள் என்ற கேள்வியோடு மூன்று கட்டங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியின் வளர்ச்சியைவிட, தோட்ட உடைமையிலிருந்து கமரா விலகிய தூரமே படத்தில் இருப்பவரின் நிலையை மாற்றியது என்பது இதன் முடிபு.

தோட்ட உடைமையாளர் வீட்டுக் கமரா

ஜூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் அளித்த கமராவோடு தொடங்கி, டென்னிசன், டார்வின் போன்றோரின் முகங்களைப் பதிவுசெய்து புகழ்பெற்றார். அவரது கணவர் சார்ல்ஸ் ஹே கமரன், இலங்கை நிர்வாகச் சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்த கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவால் அறியப்பட்டவர்; மலைநாட்டில் கோப்பிக் காணிகளை வாங்கியிருந்தார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தபோது, 1875இல், குடும்பம் இலங்கைக்கு வந்தது.

இங்கே அவர் யாருடைய ஏவலுமின்றித் தன் விருப்பப்படி படமெடுத்தார். ஆனால் அவர் முன் நின்றவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இருந்ததா? உள்ளூர்வாசி ஒருவரின் முதுகழகை வியந்து, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் வற்புறுத்தினார் என்று, 1877இல் களுத்துறையில் அவரைச் சந்தித்த ஓவியர் மரியான் நோர்த் எழுதியிருக்கிறார். இங்கிலாந்துப் படங்களில் இருந்த பெயர்கள் இங்கே ‘குடியானவர் குழு’ என்று சுருங்கின. 1879இல் டிக்கோயாவில் காலமான கமரன் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

தேயிலைச் சபையின் கமரா

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தபின், 1934இல் பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்துக்குச் செலவிட்டது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. தயாரிப்பாளர் ஜோன் கிரியர்சன். ஆங்கிலேயரான ரொபேர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்த உரையை ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாசித்தார். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் படம் முதற்பரிசு பெற்றது.

விளம்பரம் கேட்டவர்களுக்கு ரைட் கவிதையைத் தந்தார். எனினும் படத்தின் நான்கு பகுதிகளும் அமைந்த முறை கவனிக்கத்தக்கது. முதற்பகுதியில் சிவனொளிபாதமலை யாத்திரை. இறுதியில் கண்டிய நடனம். வணிகக் குரல்கள் ஒலிக்கும் மூன்றாம் பகுதியே தேயிலைக்குரியது. நாட்டின் ஆன்மா ஓரிடத்தில், அதன் உழைப்பு வேறோரிடத்தில். தொழிலாளி தன் கதையைத் தானே சொல்ல அங்கே இடமில்லை. 14 ஆண்டுகளின்பின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதற்குப் படம் காரணமன்று. ஆனால் உழைப்பை ஏற்று உழைப்பவரை விலக்கும் பார்வை இரண்டுக்கும் பொது.

சுயாதீனக் கமரா

சுமதி சிவமோகனின் ‘இங்கிருந்து’ (2013) இந்தப் பார்வையைத் திருப்புகிறது. பேராதனைப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியரான அவர், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைப் பற்றியும் ஆவணப்படம் எடுத்தவர். ‘இங்கிருந்து’ முழுநீளப் படம். மலையக மக்களின் வரலாறும் அன்றாடமும் அதன் பொருள். இங்கே தேயிலை விற்பனைச் சரக்காக வரவில்லை; தேயிலையோடு வாழ்பவர்கள் வரலாறு உடையவர்களாக வருகிறார்கள். தலைப்பே அவர்கள் நிற்கும் இடத்தை உரிமையோடு சொல்கிறது.

முடிபு

கமரன் செலவில் சுதந்திரமானவர், உடைமையால் கட்டுண்டவர். ரைட் செலவில் கட்டுண்டு, வடிவத்தில் மீறியவர். சுமதி இரண்டிலிருந்தும் விலகி நின்றாலும் மலையகத்துக்கு வெளியிலிருந்து வந்தவரே. ஆகவே அடுத்த ஆய்வு தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்குள் தொடங்க வேண்டும். குடும்பங்கள் காத்துவைத்திருக்கும் திருமண, கடவுச்சீட்டு, திருவிழாப் படங்களை அம்மக்களின் சொந்தச் சொற்களோடு தொகுத்தால், பெயரோடு கூடிய ஆவணக்காப்பகம் ஒன்று மலையகத்துக்குக் கிடைக்கும்.