குற்றம் பிறவியில் வருவதோ?

குற்றஞ் செய்யும் இயல்பு ஒருவனுக்குப் பிறப்போடு வருகின்றதா, அன்றி அவன் வளரும் இடமும் கூட்டுறவும் அதனைத் தருகின்றனவா என்னும் வினா, கற்றோர் பொழுதுபோக்கிற்கு மட்டும் உரியதன்று. சர்க்கார் ஒருகால் அதற்குக் கூறிய விடையினால், நம் நாட்டில் பல ஜாதியார் முழு ஜாதியாகவே குற்றவாளிகளென்று ஏட்டில் எழுதப்பட்டனர். ஆதலின் ஜாதியின் பெயரால் கூடியிருக்கும் நாம் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் முறையாகும்.

வட இந்தியாவிற்கென 1871-இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் விரிக்கப்பட்டுச் சென்னை ராஜதானிக்கும் வந்தது. தச்சன் மகன் தச்சனாவதுபோலத் திருடன் மகன் திருடனாவான் என்பதே அதிகாரிகள் கொண்ட நியாயம். அக்காலத்தில் ஐரோப்பாவிலும் இதற்கு இசைவான ஒரு கொள்கை எழுந்தது. இத்தாலிய வைத்தியர் லொம்பிரோசோ என்பார், தாடை, காது, மண்டையோடு இவற்றின் அமைப்பைக் கொண்டே பிறவிக் குற்றவாளியை அறியலாமென 1876-இல் நூலெழுதினார். ஆங்கிலச் சிறை வைத்தியர் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்து, அத்தகைய தனி உடல்வகை இல்லையென்று 1913-இல் நிறுவினார். அறிவுக் குறைவு பரம்பரையில் வருவதென்பதை மட்டும் அவரும் விட்டாரில்லை.

கோரிங்கின் நூல் வெளிவந்த பின்னரும் நம் ராஜதானியில் சட்டம் தளரவில்லை. மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர் இதனை ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். ஒரு குற்றமும் செய்யாதவனும் கைரேகை பதிதல் வேண்டும். இரவில் சாவடியிற் சென்று படுத்தல் வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரார் ரேகை பதிய மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸார் சுட்டதில் 16 பேர் மாண்டனர். அவருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர்.

ஈண்டு ஒரு வேடிக்கை. அதே சர்க்கார்தான் கள்ளர் சீரமைப்பு என்னும் பெயரால் அக்குடிகளின் குழந்தைகட்குப் பள்ளிகளையும் திறந்தது. குற்றம் இரத்தத்திலேயே உள்ளதாயின் பள்ளிக்கூடம் எதற்கு? தம் சட்டத்தின் அடிப்படையை அதிகாரிகளே நம்பவில்லை போலும். சென்னை ராஜதானியில் 1947-இலும், இந்தியா முழுமைக்கும் 1952-இலும் அச்சட்டம் நீங்கிற்று.

அங்ஙனமாயின் பிறப்பிற்கு ஒரு பங்கும் இல்லையோ எனின், உண்டு. டென்மார்க்கில் சுவீகாரம் கொடுக்கப்பட்ட 14,000-க்கு மேற்பட்டோரை மெட்னிக் முதலியோர் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. பெற்றோரும் வளர்த்தோரும் தண்டனை பெறாதவராயின், பிள்ளைகளில் ஆண்மக்கள் நூற்றுக்கு 13.5 பேர் தண்டனை பெற்றனர். வளர்த்தோர் மட்டும் பெற்றிருப்பின் 14.7, பெற்றோர் மட்டுமாயின் 20, இருதிறத்தாருமாயின் 24.5. இத்தொடர்பும் சொத்தைப் பற்றிய குற்றங்களிலேயே காணப்பட்டது. அடிதடி, கொலை முதலியவற்றில் இல்லை. இருதிறத்தாரும் தண்டனை பெற்றிருந்தவிடத்தும் நால்வரில் மூவர் நேர்மையாகவே வாழ்ந்தனர் என்பதையும் காண்க.

நியூஸிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973-இல் பிறந்த குழந்தைகளை இடைவிட்டுத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. மூளையின் சில இரசாயனங்களைச் சிதைக்கும் நொதி ஒன்றைக் குறைவாகச் சுரப்பிக்கும் மரபணு வடிவம், அவ்வூர் ஆடவரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்க்கு உண்டு. அவ்வடிவம் இருந்தும் இளமையிற் கொடுமைக்கு ஆளாகாதார், ஏனையோரினும் மிகுதியாகத் தீயவழியிற் சென்றிலர். அவ்வடிவமும் இளமைக் கொடுமையும் ஒருங்கே உற்றவரோ நூற்றுக்கு 12 பேரே. எனினும் அக்கூட்டத்தார் பெற்ற வன்குற்றத் தண்டனைகளில் நூற்றுக்கு 44 பங்கு அவர்க்குரியதாயிற்று. இது 2002-இல் வெளிவந்தது. பின்வந்த ஆராய்ச்சிகளுள் சில இதனை உறுதி செய்தன. சில அத்துணை வலிமையாகக் காணவில்லை. இவ்விரண்டு ஆராய்ச்சிகளும் எடுத்துக்கொண்டது தனித்தனி மனிதரையும் அவர் வளர்ந்த வீட்டையுமே. ஒரு ஜாதியை மற்றொரு ஜாதியோடு வைத்து அளந்தவை அல்ல.