தேறல்: ஒரு சொல்லும் இரு சுவைகளும்

புறநானூறு பயிற்றுவிக்கையில் ‘தேறல்’ என்பதற்குக் ‘கள்’ எனப் பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். எங்கள் உடையார்பாளையம் வட்டாரத்தில் மட்டுமல்ல, எங்கும் இதுவே வழக்கம். இதனால் ஒரு சுவை வரலாறு கைநழுவிப் போகிறது.

தேறுதல் என்றால் தெளிதல். கசடு அடியில் தங்க, மேலே நிற்கும் தெளிவே தேறல். பிரான்சின் போர்தோ சிவப்பு ஒயினைச் சுவைத்தறிந்தவர்க்கு இச்சொல் உடனே விளங்கும். இளம் ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் தந்த துவர்ப்பு நாவை இறுக்கும். ஆண்டுகள் செல்லச்செல்லத் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து வண்டலாகப் படியும், சுவை மென்மையுறும், நிறம் செங்கல் சாயல் கொள்ளும். பரிமாறுமுன் வண்டலை நீக்கித் தெளிவை மட்டும் வடித்தெடுப்பர்.

நம் முன்னோரும் மதுவை மூங்கிற் குழாயில் அடைத்தும் நிலத்தில் புதைத்தும் முதிர்வித்தனர். ஆனால் புறம் 392இல் ஔவையார் நாட்பட்ட தேறலுக்குத் தேள்கொட்டிய கடுப்பையே உவமையாக்குகிறார். போர்தோவில் முதுமை தணிவு. இங்கோ முதுமை வீரியம்.

புறம் 56இல் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது குறிப்பிடும் யவனர் தேறல் வேறு வகை. அதன் சிறப்பு கடுப்பன்று, குளிர்ச்சியும் மணமுமே. இது வெறும் கற்பனையுமன்று. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், புதுச்சேரிக்கு அருகிலேயே, மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன.

உள்நாட்டு மதுவை வீரியத்தாலும் கடல்கடந்து வந்ததை மணத்தாலும் அளந்த நுட்பம் அப்புலவர்களுடையது. இரண்டையும் ‘கள்’ என்றே எழுதி முடிக்கும் உரை, பொருளைச் சொல்லிவிடுகிறது, சுவையைச் சொல்வதில்லை.