டபிள்யூ.பி.ஏ.: அமெரிக்காவின் பொதுப்பணி நிவாரணம் (1935–1943)

வொர்க்ஸ் புராக்ரஸ் அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமாக டபிள்யூ.பி.ஏ., பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க மத்திய அரசு 1935-இல் தொடங்கி 1943-இல் மூடிய அமைப்பு. இந்த எட்டு ஆண்டுகளில் சுமார் 85 லட்சம் பேர் அதன் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். சாலை, பாலம், பள்ளிக்கூடம், சாக்கடை, பூங்கா, விமான நிலையம் என ஊர்களுக்குத் தேவையானவற்றைக் கட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைத்தார்கள், ஏழைகளுக்குத் துணி தைத்தார்கள், மலைக்கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுபோனார்கள். அரசு செலவழித்துப் பொருளாதாரத்தை நிமிர்த்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எடுத்துக்காட்டாக வருவது இந்த அமைப்புத்தான்.

முன்வரலாறு

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபோது, வேலையில்லாதவரைக் காப்பது மத்திய அரசின் கடமை என்ற எண்ணம் அமெரிக்காவில் வலுப்பெற்றிருக்கவில்லை. தேவாலயங்கள், தரும அமைப்புகள், நகராட்சிகள் ஆகியவையே அந்தப் பொறுப்பைச் சுமந்துவந்தன. மந்தம் நீண்டதும் முதலில் ஓய்ந்தவையும் அவையே. வரி வசூல் படுத்துவிட்டது. சிகாகோவில் பள்ளி ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியவில்லை. 1933-இல் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்தார். அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் 1932 ஜூலையில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டு, மாநிலங்களின் நிவாரணத்துக்கு 30 கோடி டாலர் ஒதுக்கினார். அந்த உதவி தாமதமாக வந்தது. வந்ததும் கடனாகவே வந்தது.

வேறொரு வழி நியூயார்க் மாநிலத்தில் பிறந்தது. அப்போது அங்கே ஆளுநராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1931-இல் தற்காலிக அவசர நிவாரண அமைப்பு ஒன்றை ஏற்படுத்தினார். அதை நடத்த அழைக்கப்பட்டவர் ஹாரி ஹாப்கின்ஸ். அயோவா மாநிலத்துக்காரர், கல்லூரி முடித்ததும் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் சமூகப் பணி செய்து தேர்ந்தவர். பசித்தவன் கோப்பு நகரும்வரை காத்திருக்க முடியாது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து கற்றவர் அல்லர்.

ரூஸ்வெல்ட் 1933 மார்ச்சில் அதிபரானார். மே மாதம் 50 கோடி டாலரோடு மத்திய அவசர நிவாரண அமைப்பு உருவாகி, ஹாப்கின்ஸ் வாஷிங்டனுக்கு வந்தார். பொறுப்பேற்ற முதல் இரண்டு மணி நேரத்திலேயே 50 லட்சம் டாலருக்கு மேல் மாநிலங்களுக்கு அனுப்பினார். நாட்டின் நிலையை நேரில் பார்த்து எழுத, லொரீனா ஹிக்காக் என்ற பத்திரிகையாளரை ஊர் ஊராக அனுப்பிவைத்தார். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களிலிருந்தும் டகோட்டா சமவெளிகளிலிருந்தும் அவர் அனுப்பிய அறிக்கைகள், அந்தக் காலத்து வறுமையைப் பற்றிக் கிடைக்கும் சிறந்த ஆவணங்களில் சேரும்.

ஆனால் நிவாரணம் பெறும் முறை மனிதரைக் கூனவைத்தது. விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்து அடுக்களை வரை சோதிப்பார். பல இடங்களில் பணத்துக்குப் பதில் மளிகைச் சீட்டே கையில் கிடைக்கும். ஹாப்கின்ஸ் இதை வெறுத்தார். வேலை செய்யத் தெரிந்தவருக்கு வேலையும் அதற்குரிய கூலியும் தர வேண்டும் என்று வாதாடினார்.

1933 நவம்பரில் அந்த வாதம் வென்றது. குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய கட்டுமானங்களுக்கென ஒதுக்கிய 330 கோடி டாலரை, உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கஸ் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் துருவிப் பார்த்து மெதுவாகவே விடுவித்துவந்தார். நேர்மையானவர்தான், பசியின் வேகத்துக்கு அவருடைய நிதானம் ஒத்துவரவில்லை. அந்த நிதியிலிருந்து 40 கோடி டாலரை எடுத்து ரூஸ்வெல்ட் சிவில் பணி அமைப்பை உண்டாக்கி ஹாப்கின்ஸிடம் கொடுத்தார். ஜனவரி நடுவிற்குள் அதில் வேலை செய்தவர்கள் 40 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். இத்தனை பேருக்கும் காசோலை அச்சிட்டு வழங்க, முன்னாள் படைவீரர் நலத்துறையின் அலுவலகங்கள் பயன்பட்டன. வந்தவர்களில் பாதிப் பேர் வறுமைச் சோதனை எதுவும் இல்லாமல், வேலை வேண்டும் என்று கேட்டே சேர்ந்தார்கள்.

அந்த ஒரு குளிர்காலத்தில் சுமார் 40,000 பள்ளிக்கூடங்கள் கட்டப்பட்டன அல்லது பழுதுபார்க்கப்பட்டன. வேலையிழந்த ஆசிரியர்கள் கிராமப் பள்ளிகளுக்குத் திரும்பினார்கள். செலவும் ஏறியது. மக்கள் அரசு வேலையை நிரந்தரமென்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சமும் ரூஸ்வெல்ட்டுக்கு இருந்தது. 1934 மார்ச் முடிவில் அமைப்பை மூடினார். அவசரப்பட்ட முடிவு அது. ஆண்டு திரும்பியதும் அதே யோசனைக்கு அவரே மீண்டும் வர நேர்ந்தது.

அமைப்பும் கூலியும்

1935 ஏப்ரல் 8-இல் நிறைவேறிய நிவாரண ஒதுக்கீட்டுச் சட்டத்தின் மதிப்பு 488 கோடி டாலர். அமைதிக் காலத்தில் அதுவரை எந்த அமெரிக்க அரசும் ஒரே சட்டத்தில் இவ்வளவு ஒதுக்கியதில்லை. மே 6-ஆம் தேதி ஆணையில் டபிள்யூ.பி.ஏ. பிறந்தது. தலைவர் ஹாப்கின்ஸ்தான்.

பணம் வாஷிங்டனிலிருந்து வந்தாலும் வேலையைத் தேர்ந்தெடுத்தது ஊர்தான். நகராட்சியோ மாவட்டமோ மாநிலமோ ஒரு திட்டத்தை முன்மொழிந்து, பொருள் செலவில் ஒரு பகுதியை ஏற்க வேண்டும். கூலியை மத்திய அரசு கொடுக்கும். 1939-க்குப் பின் உள்ளூர்ப் பங்கு பொதுவாகக் கால்பங்கு என்று சட்டமே வரையறுத்தது. எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், எந்தப் பாலம் அடுத்த வெள்ளத்துக்குத் தாங்காது என்பது ஊராருக்குத்தான் தெரியும். டபிள்யூ.பி.ஏ. கட்டியவற்றில் பெரும்பகுதி வீணாகாமல் புழக்கத்தில் நிலைத்ததற்கு முதற்காரணம் இந்த ஏற்பாடே.

மாதக் கூலி 19 டாலரிலிருந்து 94 டாலர் வரை இருந்தது. தென்மாநிலக் கிராமத்தின் கைத்தொழில் பழகாத கூலியாளுக்கு அடிமட்டத் தொகை. வடக்கு நகரத்தில் படித்த தொழிலாளிக்கு உச்சத் தொகை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இடம். 1938 நவம்பரில் பட்டியல் உச்சத்தைத் தொட்டபோது 33 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள்.

கட்டுமானங்களின் கணக்கு பெரியது: சாலைகள் சுமார் 6,50,000 மைல், புதிதாகவோ புதுப்பித்தோ அமைத்த பொதுக் கட்டடங்கள் ஏறத்தாழ 1,25,000, பாலங்கள் 75,000-க்கு மேல், பூங்காக்கள் 8,000. நியூயார்க்கில் 1939-இல் திறந்த லகார்டியா விமான நிலையமும், டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் ஆற்றங்கரை நடைபாதையும் இதில் அடங்கும். அந்த நடைபாதையை வடிவமைத்தவர் கட்டடக்கலைஞர் ராபர்ட் ஹக்மன். ஒரிகன் மாநிலத்து ஹூட் மலையில் எழுந்த டிம்பர்லைன் விடுதிக்குக் கல்லையும் மரத்தையும் செதுக்கியவர்களும், அறைகளுக்கான துணியை நெய்தவர்களும் நிவாரணப் பட்டியலில் இருந்தவர்களே.

பெயர் பெற்ற இந்தக் கட்டடங்களைவிட ஊர்மக்களின் உடல்நலத்தை மாற்றியது ஓர் எளிய பொருள்: கிராமக் கழிப்பறை. கான்கிரீட் தளத்தோடு, ஈ புகாத மூடியோடு 20 லட்சத்துக்கு மேற்பட்ட கழிப்பறைகளை டபிள்யூ.பி.ஏ. தொழிலாளர்கள் கட்டினார்கள். தென்மாநிலங்களில் மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்த பிள்ளைகளைக் கொக்கிப்புழு நோய் வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. பத்திரிகைகளில் கேலிக்கு ஆளான இந்தப் பணி, உண்மையில் திட்டத்தின் தலைசிறந்த பணிகளில் ஒன்று.

சமூகப் பணிகள்

பெண்களுக்குப் பெரும்பாலும் தையல் கூடங்களில் வேலை கிடைத்தது. அங்கே தைத்த உடைகள் மருத்துவமனைகளுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் போயின. கென்டக்கியின் மலைப்பகுதியில் சாலையே இல்லாத ஓடைக்கரைகள் வழியே பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகங்களை ஏற்றிச்சென்றார்கள். புத்தகங்கள் நன்கொடையாக வந்தவை. கிழிந்த இதழ்களிலிருந்து சமையல் குறிப்புகளையும் படங்களையும் வெட்டி ஒட்டி, அவர்களே தொகுப்பேடுகள் செய்தார்கள்.

கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் தனிப் பிரிவுகள் இருந்தன. ரால்ஃப் எலிசன், ரிச்சர்டு ரைட், சோரா நீல் ஹர்ஸ்டன் ஆகியோர் எழுத்தாளர் திட்டத்தில் சம்பளம் பெற்றவர்கள். அடிமைகளாகப் பிறந்து அப்போது முதுமையில் இருந்த 2,000-க்கும் மேற்பட்டோரின் நினைவுகளை 1936-க்கும் 1938-க்கும் இடையில் இத்திட்டம் பதிவு செய்தது. இன்னும் சில ஆண்டுகள் தள்ளியிருந்தால் அந்தக் குரல்களில் பல கிடைத்திருக்காது. ஹாலி பிளானகன் நடத்திய நாடகத் திட்டத்தை நாடாளுமன்றமான காங்கிரஸ் கம்யூனிஸ்ட் குற்றச்சாட்டின் பேரில் 1939 ஜூனில் நிறுத்தியது.

குறைகளும் கணக்கும்

இனப்பாகுபாடு கூடாது என்று ஆணை இருந்தது. தெற்கில் உள்ளூர் அதிகாரிகள் அதை மதிக்கவில்லை. பருத்தி எடுக்கும் பருவம் வந்ததும் கறுப்பினத் தொழிலாளர்களைப் பட்டியலிலிருந்து நீக்கி, குறைந்த கூலிக்குத் தோட்டங்களுக்குத் தள்ளினார்கள். ஊரிடம் தேர்வை ஒப்படைத்ததன் இருண்ட பக்கம் இது. 1939-இல் குடியுரிமை இல்லாதவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கென்டக்கியில் 1938 தேர்தலுக்காகத் தொழிலாளர்களிடம் ஆதரவும் நன்கொடையும் கேட்கப்பட்டது அம்பலமானதால், அரசு ஊழியரின் தேர்தல் பணியைத் தடுக்கும் ஹேட்ச் சட்டம் 1939-இல் வந்தது.

இவ்வளவு செலவும் வேலையின்மையை ஒழிக்கவில்லை என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. நெடுநாள் புழங்கிய புள்ளிவிவரம் டபிள்யூ.பி.ஏ. தொழிலாளர்களையும் வேலையில்லாதவர் கணக்கில் சேர்த்தது. பாலம் கட்டிக் கூலி வாங்கியவரை வேலையற்றவர் என்பது பிழை. பொருளாதார அறிஞர் மைக்கேல் டார்பி 1976-இல் அவர்களை வேலையில் இருந்தவர்களாக எண்ணிப் பார்த்தபோது, 1936-க்கான விகிதம் ஏறத்தாழ 17 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கியது. 1937-இல் அரசு செலவைச் சுருக்கியதும் மந்தம் திரும்பியது. சுருக்கியதைத் திரும்ப விரித்ததும் நிலைமை தேறத் தொடங்கியது. செலவு பயனற்றதாக இருந்ததில்லை; போதாததாக இருந்தது.

பிற்காலம்

போர் நெருங்கியதும் பணிகள் ராணுவ முகாம்களுக்கும் விமான தளங்களுக்கும் மாறின. 1942-இல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்த தடுப்பு மையங்களை நடத்துவதிலும் டபிள்யூ.பி.ஏ. அதிகாரிகள் ஈடுபட்டார்கள், அமைப்பின் வரலாற்றில் அழியாத கறை அது. போர்த் தொழிற்சாலைகள் எல்லோருக்கும் வேலை கொடுத்துவிட்ட நிலையில், 1943 ஜூன் 30-இல் அமைப்பு முடிவுக்கு வந்தது.

2009-இல் ஒபாமா அரசு 78,700 கோடி டாலர் ஊக்கச் சட்டம் கொண்டுவந்தபோது அதில் பெரும்பங்கு வரிச் சலுகைகளாகவும் மாநில மானியங்களாகவும் போயிற்று. அரசே நேரடியாக ஆளெடுக்கும் முறை திரும்ப வரவில்லை. டிம்பர்லைன் விடுதி 1977-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் விடுதியாகவே இயங்குகிறது.