பாட் மிலெடிச்

பாட் மிலெடிச் (பிறப்பு: 9 மார்ச் 1968, அயோவா, அமெரிக்கா) எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலையின் முன்னாள் வீரர், பயிற்சியாளர். இந்த விளையாட்டின் போட்டிகளை நடத்தும் யூஎஃப்சி அமைப்பில் 77 கிலோ எடைப்பிரிவின் முதல் சாம்பியன் இவர்தான். பட்டம் இவரிடம் இருந்தது இரண்டரை ஆண்டுகள். தானும் களத்தில் இறங்கிக்கொண்டே அதே காலத்தில் இவர் வளர்த்தெடுத்த பயிற்சிக்கூடத்திலிருந்து மேலும் மூன்று யூஎஃப்சி சாம்பியன்கள் வந்தார்கள். சிறு வயதில் அங்கே சேர்ந்த இன்னொருவர் பல ஆண்டுகள் கழித்துப் பட்டம் வென்றார். சண்டைக்காரர் வாத்தியாரான கதைகள் இந்த விளையாட்டில் பல உண்டு. அவற்றில் முதலில் சொல்ல வேண்டியது இவருடையது.

அயோவாவின் கிழக்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது, அந்தக் கூடம் அமைந்த பெட்டன்டார்ஃப். மக்கள்தொகையில் நம் ஆரணியை விடச் சிறிய ஊர். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மொலின் நகரில்தான் டிராக்டர் செய்யும் ஜான் டியர் நிறுவனத்தின் தலைமையகம். சோளம் விளையும் இந்தப் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு மல்யுத்தம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்ற டான் கேபிள், பிறகு அயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகி 15 தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். வென்றவன் அடுத்தவனுக்குக் கற்றுத்தர வேண்டும் என்ற வழக்கம் அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது.

மிலெடிச்சும் பள்ளியில் மல்யுத்தம் பழகியவர். தாயின் உடல்நலம் கெட்டதால் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். பிறகு கராத்தே, குத்துச்சண்டை, தாய்லாந்தின் முவாய் தாய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி போட்டியில், உடல் மெலிந்த ராய்ஸ் கிரேசி ஜியு-ஜிட்சு பிடிகளால் தன்னைவிடப் பெரியவர்களைப் பணியவைத்தார். ஒரே கலையை மட்டும் கற்றவன் இனி தாக்குப்பிடிக்க முடியாது என்பது அன்றே தெரிந்துபோயிற்று. மிலெடிச் 1995இல் தொழில்முறைப் போட்டிகளில் இறங்கினார்.

1998 மார்ச்சில் யூஎஃப்சியின் எடைப்பிரிவுப் போட்டி ஒன்றை வென்ற அவர், அக்டோபர் 16 அன்று பிரேசிலின் சாவோ பாவுலோவில் மைக்கி பர்னெட்டை வென்று முதல் சாம்பியன் ஆனார். அந்த ஆட்டம் பார்ப்பவர்களுக்கு விருந்தாக அமையவில்லை. நடுவர்களும் ஒருமித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. பிறகு நான்கு முறை பட்டத்தைக் காத்துக்கொண்டார். நிதானமாக, ஆபத்தைத் தவிர்த்து, எதிராளியின் தவறுக்குக் காத்திருந்து ஆடியவர் அவர். அந்த நிதானத்தைச் சலிப்பு என்று சொன்னவர்கள் உண்டு. கற்றுக்கொடுக்க வந்தபோது அதே நிதானம்தான் அவருக்குக் கைகொடுத்தது.

அவருடைய கூடத்தின் பெயர் மிலெடிச் ஃபைட்டிங் சிஸ்டம்ஸ். வடசென்னைக் குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வாத்தியாரைச் சுற்றி அணிகள் திரண்டதுபோல, பெட்டன்டார்ஃபிலும் ஒரு பரம்பரை திரண்டது. இல்லினாய் பண்ணைக் குடும்பத்திலிருந்து மாட் ஹியூஸ் வந்தார். வாஷிங்டன் மாநிலத்து ஜென்ஸ் பல்வர் வந்தார். மெய்ன் மாநிலத்திலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான டிம் சில்வியா வந்தார். பெரும்பாலானோர் மல்யுத்தம் மட்டுமே தெரிந்தவர்கள். அவர்களுக்குக் குத்தவும், உதைக்கவும், கீழே விழுந்தால் பிடியிலிருந்து தப்பவும் ஒரே கூரையின் கீழ் கற்றுத்தரப்பட்டது. மல்யுத்தத்துக்கு ஒரு ஜிம், குத்துச்சண்டைக்கு வேறொரு ஜிம் என்று வீரர்கள் அலைந்த காலம் அது.

அங்கே நடந்த ஸ்பாரிங் என்னும் பயிற்சி மோதல் பேர்போனது. புதிதாக வருபவனும் சாம்பியனோடு மோத வேண்டும். பயிற்சியிலேயே நாக் அவுட் ஆகி விழுவது அதிசயமில்லை. ஒரு நாள் வந்து அடி வாங்கி மறுநாள் வராதவர்கள் பலர். தாங்கி நின்றவர்களுக்குப் போட்டிநாள் அச்சம் போய்விட்டது. இதற்கு விலையும் இருந்தது. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையை என்ன செய்யும் என்பது இன்று நன்றாகத் தெரியும். இப்போதுள்ள பயிற்சியாளர்கள் பலர் கடும் ஸ்பாரிங்கைக் குறைத்துக்கொண்டது அதனால்தான். மிலெடிச்சின் முறையைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2001 இந்தப் பரம்பரையின் ஆண்டு. பிப்ரவரி 23இல் பல்வர் இலகு எடைச் சாம்பியன் ஆனார். சில வாரங்களுக்கு வாத்தியாரும் மாணவரும் ஒரே நேரத்தில் பட்டத்தோடு இருந்தார்கள். மே 4 அன்று அட்லாண்டிக் சிட்டியில் கனடாவின் கார்லோஸ் நியூட்டன், மிலெடிச்சின் கழுத்தை நெரித்துப் பணியவைத்துப் பட்டத்தைப் பறித்தார். ஆறு மாதம் கழித்து, நவம்பர் 2இல், அதே நியூட்டனை எதிர்கொண்டவர் ஹியூஸ். நியூட்டன் கால்களால் கழுத்தை இறுக்க, ஹியூஸ் அவரை அப்படியே தூக்கித் தரையில் அறைந்தார். நியூட்டன் நினைவிழந்தார், பிடியில் சிக்கியிருந்த ஹியூஸும் அரை மயக்கத்தில்தான் இருந்தார். பட்டம் பெட்டன்டார்ஃபுக்கே திரும்பியது. 2003 பிப்ரவரியில் சில்வியா கன எடைப் பட்டத்தையும் கொண்டுவந்தார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி அதே ஆண்டு அதை இழந்தவர், 2006இல் மீண்டும் வென்றார்.

மிலெடிச்சோடு மோதியவர்களின் பட்டியலைப் பார்த்தால், அவர்களிலும் பலர் வாத்தியார்கள் ஆனது தெரியும். 1997இல் மிலெடிச்சின் மூக்கை உடைத்து அவரை வென்ற மாட் ஹியூம், பிறகு டிமெட்ரியஸ் ஜான்சன் என்ற சாம்பியனை உருவாக்கினார். 1999இல் மிலெடிச்சிடம் தோற்ற ஆண்ட்ரே பெடர்நெய்ராஸ், பிரேசிலில் ஜோஸே ஆல்டோ என்ற சாம்பியனின் ஆசான். 2006இல் தொடங்கிய ஐஎஃப்எல் என்னும் அணிப் போட்டியில் மிலெடிச்சும், நியூட்டனும், ரென்சோ கிரேசியும் ஆளுக்கொரு அணிக்குப் பயிற்சியாளர்கள். அந்தச் செப்டம்பரில், 38 வயதில், மொலின் நகர மக்கள் முன்னிலையில் மிலெடிச் ரென்சோவோடு களமிறங்கித் தோற்றார். ஐஎஃப்எல் 2008இல் நின்றுபோயிற்று.

கூடமும் கலைந்தது. 2007இல் ஹியூஸ் பிரிந்து இல்லினாயில் தனிக்கூடம் தொடங்கினார்; சிலர் அவரோடு போனார்கள். இதற்குள் பல கலைகளை ஒரே கூடத்தில் கற்பிக்கும் முறை உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அயோவாவுக்கு அடுத்த விஸ்கான்சினில் கிக்பாக்ஸிங் வீரர் டியூக் ரூஃபஸ் நடத்திய கூடத்தில் தேறியவர்தான் பென் ஆஸ்க்ரென். 2017 மே 26 அன்று சிங்கப்பூரில் அவரோடு ஒன் சாம்பியன்ஷிப் என்னும் ஆசியப் போட்டி அமைப்பின் பட்டத்துக்காக மோதித் தோற்றார் கோலாலம்பூரின் அகிலன் தணி. 

மிலெடிச் 2014இல் யூஎஃப்சியின் புகழ் அரங்கில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று, பள்ளி வயதில் அவரிடம் வந்து சேர்ந்த ராபி லாலர் 77 கிலோ சாம்பியன் ஆனார். அப்போது லாலர் பழகியது ஃபுளோரிடாவில், வேறு வாத்தியார்களிடம். 2023 ஜூலையில் கடைசியாகக் கூண்டில் இறங்கிய லாலர், நிக்கோ பிரைஸை 38 விநாடிகளில் நாக் அவுட் செய்து ஓய்வு பெற்றார்.